நான்கே நாளில் திரும்பி வந்த பேப்பர், ஐந்தே நாளில் போடுகிறோம் என்னும் ஜர்னல்: என்ன செய்வது?

நொச்சிவேலி:

எல்லோருக்கும் வணக்கம். தாவரவியலில் பிஎச்டி, இது நான்காவது வருஷம். நொச்சி இலையின் மெத்தனால் சாறு ஐந்து பாக்டீரியாக்களுக்கு எதிராக எப்படி வேலை செய்கிறது என்பதுதான் என் முதல் பேப்பர். ஃபைட்டோகெமிக்கல் ஸ்கிரீனிங், டிஸ்க் டிஃப்யூஷன் (சாறு ஊறிய வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையத்தை அளப்பது), ஜிசி-எம்எஸ் (ஆவியாகும் பொருள்களைப் பிரித்து அடையாளம் காண்பது) எல்லாம் செய்து, நான்கு தடவை திருத்தி எழுதி, ஒரு நல்ல வெளிநாட்டு ஜர்னலுக்குப் போன மாதம் அனுப்பினேன். நான்காம் நாளே திரும்பிவிட்டது. ரிவ்யூவர் யாரும் பார்க்கவில்லை, எடிட்டரே அனுப்பியிருக்கிறார். "இதழின் எல்லைக்குள் வரவில்லை, புதுமை போதாது" என்று இரண்டே வரி. இரண்டு வருஷ வேலையை யாரும் முழுதாகப் படித்துக்கூடப் பார்க்கவில்லையே என்று மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது.

இதற்கிடையில் ஒரு மெயில் வந்தது. ஸ்கோபஸ் என்னும் ஆய்விதழ்ப் பட்டியலில் இருக்கும் ஜர்னலாம், ஐந்து நாளில் அக்செப்டன்ஸ் லெட்டர், கட்டணம் 9,500 ரூபாய். கைடு சாரிடம் காட்டினேன். "போட்டுவிடும்மா, சினாப்சிஸ் வேலையாவது நடக்கும்" என்கிறார். எங்கள் பல்கலைக்கழகத்தில் சினாப்சிஸுக்கு (தீசிஸுக்கு முன் கொடுக்கும் சுருக்கம்) முன்னால் இரண்டு பேப்பர் கேட்கிறார்கள். எனக்கு ஃபெல்லோஷிப் இல்லை, கெஸ்ட் லெக்சரராக வரும் சம்பளத்தில்தான் கெமிக்கல் வாங்குவதும். பணம் கட்டிவிடலாமா? இல்லை என்றால் இந்தப் பேப்பரை அப்படியே வேறு எங்காவது அனுப்பலாமா? என் இங்கிலீஷ் சுமார்தான், அதனால்தான் திருப்பிவிட்டார்களோ என்றும் தோன்றுகிறது.

மூன்றாம்மாடி ஆய்வகம்:

முதலில் அந்த 9,500 ரூபாயைக் கட்டாதீர்கள். ஐந்து நாளில் அக்செப்டன்ஸ் என்று ஒரு ஜர்னல் முன்கூட்டியே சொன்னால் அங்கே பீர் ரிவ்யூ (துறை அறிந்த மற்றவர்கள் பேப்பரைப் படித்து மதிப்பிடுவது) நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒழுங்கான இடத்தில் இரண்டு ரிவ்யூவர்களைச் சம்மதிக்க வைக்கவே எடிட்டருக்குச் சில வாரம் ஆகிவிடும்.

இங்கிலீஷால் திரும்பி வந்திருக்காது என்று நினைக்கிறேன். நானும் இதே துறையில்தான் இருக்கிறேன். ஒரு செடி, ஒரு சாறு, டிஸ்க்கைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டர் வளையம் வந்தது என்று மட்டும் சொல்லும் பேப்பர்களை இப்போது பல எடிட்டர்கள் மேசையிலேயே திருப்பிவிடுகிறார்கள். நொச்சியில் இப்படி எத்தனையோ வந்தாகிவிட்டது. தவிர, வளையத்தின் அளவு மருந்தின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை. பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழில் அந்தப் பொருள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதும் அதில் சேர்ந்துவிடும். எண்ணெய்ப் பசை உள்ளது பரவாது, வளையம் சின்னதாகத் தெரியும், ஆனால் உண்மையில் நன்றாக வேலை செய்யக்கூடும். அதனால் எம்ஐசி வேண்டும், அதாவது பாக்டீரியாவை வளரவிடாமல் நிறுத்தும் மிகக் குறைந்த அளவு. 96 குழித் தட்டில் பிராத் டைல்யூஷன் (சாறைப் படிப்படியாக நீர்க்கவைத்துச் சோதிப்பது) போடுங்கள். ரெசாசூரின் சாயம் சொட்டினால், பாக்டீரியா வளர்ந்த குழியில் நீலம் ரோஜா நிறமாவதை வைத்துக் கண்ணாலேயே படிக்கலாம், ரீடர் கருவி தேவையில்லை. கலப்புச் சாறு என்றால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ வந்தால் கவனிக்க வேண்டிய விஷயம். 1,000-ஐத் தாண்டினால் பெரிதாகப் பேச ஒன்றும் இல்லை. சாறைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் ஊற்றிய குழி, ஜென்டாமைசின் ஆன்டிபயாடிக் போட்ட குழி இரண்டும் இருந்தே ஆக வேண்டும். பாக்டீரியா ஸ்ட்ரெயினுக்கு எம்டிசிசி (சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகம்) எண் இருக்கிறதா? அங்கிருந்து வாங்கியதா, பக்கத்து லேபில் கேட்டு வாங்கியதா? அதையும் எழுத வேண்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏன் மெத்தனால்? எல்லோரும் மெத்தனால் போடுகிறார்கள் என்பதாலா? நம் வீட்டில் நொச்சியை ஆவி பிடிக்கத்தானே போடுகிறோம். கொதிக்கிற தண்ணீரில் இலையைப் போட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் மூக்குக்குள் போவது நீராவியோடு கிளம்புகிற எண்ணெய். மெத்தனாலில் இறங்குவது அது மட்டும் இல்லை, பச்சையம் முதல் ஃபிளேவனாய்டு வரை எல்லாமே இறங்கும். கிளெவெஞ்சர் கருவி உங்கள் துறையில் கட்டாயம் எங்காவது அலமாரியில் இருக்கும். அதில் எண்ணெயை வடித்து அதற்கு எம்ஐசி போட்டால் "மக்கள் பயன்படுத்தும் வடிவத்தில் இது சுவாசப் பாதை பாக்டீரியாவை அடக்குகிறதா" என்று ஒரு கேள்வி உங்கள் கையில் இருக்கும். ஜிசி-எம்எஸ்ஸும் அதற்குத்தான் சரியான கருவி. காஸ்டிசின் மாதிரி ஆவியாகாத சரக்கை அதில் தேடிப் பயனில்லை.

ஜிசி-எம்எஸ் பட்டியலில் தாலேட் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கரூர்பஸ்:

தோழி, நான் பணம் கட்டி ஏமாந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2021-இல் இதே மாதிரி ஒரு மெயில். ஜர்னல் பெயரைத் தேடினேன், ஸ்கோபஸ் பட்டியலில் இருந்தது. ஜர்னலுக்கான பதிவு எண்ணான ஐஎஸ்எஸ்என் சரியாக இருந்தது. வெப்சைட்டில் எடிட்டோரியல் போர்டு, பழைய இதழ்கள் எல்லாம் இருந்தன. கட்டிவிட்டேன். பேப்பரும் ஒரு வாரத்தில் வந்தது. எட்டு மாதம் கழித்து ஆய்வுக் குழுவில் ஒரு மேடம் ஸ்கோபஸைத் திறந்து அந்த ஜர்னல் பெயரைத் தட்டி உள்ளே என் தலைப்பைத் தேடினார். இல்லை. அப்புறம்தான் விளங்கியது, ஜர்னல் அசல், வெப்சைட் போலி. உண்மையான ஜர்னலின் பெயரையும் ஐஎஸ்எஸ்என்னையும் எடுத்து வைத்துக்கொண்டு யாரோ கடை நடத்தியிருக்கிறார்கள். கடத்தப்பட்ட ஜர்னல் என்றே இதற்குப் பெயர் இருக்கிறது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று மெயில் போட்டால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். ஒருமுறை வெளிவந்துவிட்டதால் அதே டேட்டாவை வேறு ஜர்னலுக்கு அப்படியே அனுப்பவும் முடியவில்லை. எனக்குப் பணம் போனதைவிட அந்த டேட்டா போனதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

அதனால் இப்போது நான் செய்வது இது. மெயிலில் வரும் லிங்க்கை அழுத்தவே மாட்டேன். ஸ்கோபஸின் சோர்ஸ் பக்கம் எல்லோருக்கும் இலவசம், அங்கே ஐஎஸ்எஸ்என் போட்டு, எந்த வருஷம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பாதியில் நீக்கப்பட்ட ஜர்னல்களும் அங்கே பெயரளவில் தெரியும், அதனால் வருஷம் முக்கியம். பிறகு பதிப்பாளர் பக்கத்திலிருந்து உள்ளே போய் ஜர்னலின் முகவரியைப் பிடிப்பேன். ரிட்ராக்ஷன் வாட்ச் 2022-இலிருந்து கடத்தப்பட்ட ஜர்னல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது, அதையும் ஒரு தடவை பார்த்துவிடுவேன். ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கும்) ஜர்னல் என்றால், அவற்றுக்கான பட்டியலான டிஓஏஜேயில் இருக்கிறதா என்று பார்க்கலாம். யூஜிசி ஏற்ற ஜர்னல்களின் கேர் பட்டியலில் இருக்கிறது என்று யாராவது இப்போது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். அந்தப் பட்டியலையே யூஜிசி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது.

இன்னொரு விஷயம். யூஜிசியின் 2022 பிஎச்டி விதிமுறையில் தீசிஸுக்கு முன் பேப்பர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்துக்கொள்ளலாம், நிறைய இடத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் ரெகுலேஷனை, நீங்கள் சேர்ந்த வருஷத்துக்கு உரியதை, நீங்களே ஒரு தடவை வரி வரியாகப் படியுங்கள். வெளிவந்திருக்க வேண்டுமா, அக்செப்டன்ஸ் போதுமா என்பது அதில்தான் இருக்கும். எங்கள் ஊரில் அக்செப்டன்ஸ் போதும் என்று இருந்தது, அது தெரியாமல் ஆறு மாதம் தவித்தேன்.

நொச்சிவேலி:

இரண்டு பேருக்கும் நன்றி. சார், கேட்டீர்களே, என் பட்டியலில் தாலேட் இருக்கிறது! பிஸ்(2-எத்தில்ஹெக்சில்) தாலேட், பரப்பளவு 18.6 சதவீதம். அதுதான் எங்களுடைய இரண்டாவது பெரிய பீக், டிஸ்கஷனில் அதற்குத் தனிப் பத்தியே எழுதியிருக்கிறேன். பாக்டீரியா எதிர்ப்புத் திறன் உண்டு என்று மூன்று பேப்பரை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அது தப்பா?

செடிக்கு வவுச்சர் எண்ணும் (எந்தச் செடி என்பதற்குச் சான்றாக ஹெர்பேரியத்தில் வைக்கும் உலர் மாதிரியின் எண்) இல்லை. வாய்க்கால் ஓரத்து வேலியில் பறித்தது. துறையில் ஒரு மேடம் பார்த்து நொச்சிதான் என்று சொன்னார்கள். பழைய தேதி போட்டு ஹெர்பேரியம் எண் வாங்கித் தருகிறேன் என்று சீனியர் ஒருவர் சொல்கிறார்.

மூன்றாம்மாடி ஆய்வகம்:

அது பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் பொருள். டியூப், மூடி, சால்வென்ட் வைத்த கேன், வடிகட்டி, எதிலிருந்து வேண்டுமானாலும் மெத்தனாலில் இறங்கும். 18 சதவீதம் என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது சாறை எதில் வைத்திருந்தீர்கள் என்பதில்தான். ரிவ்யூவர் பட்டியலைப் பார்த்ததும் கண் நேராக அங்கேதான் போகும், அதற்கு மேல் உங்களுடைய மற்ற எண்களையும் நம்பத் தயங்குவார். அன்றைக்கு வெறும் மெத்தனாலைப் போட்டு ஓட்டிய பிளாங்க் இருக்கிறதா என்று கருவி மையத்தில் கேளுங்கள். பொருளின் பெயரை நிஸ்ட் லைப்ரரி (ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தொகுப்பு) பொருத்தம் மட்டும் வைத்து எழுதியிருந்தால் அதுவும் போதாது. ஆல்கேன் வரிசையை ஓட்டி ரிடென்ஷன் இண்டெக்ஸ் (பொருள் வெளிவரும் நேரத்தை வைத்து வரும் எண்) கணக்கிட்டு இரண்டும் ஒத்துவந்தால்தான் பெயரைச் சொல்லலாம்.

பழைய தேதி வேண்டவே வேண்டாம், அது பொய் ஆவணம். அதே வேலிக்குப் போங்கள், பூவோடு கிளை வெட்டுங்கள், பேப்பருக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து இன்றைய தேதி போட்டு ஹெர்பேரியத்தில் ஒப்படையுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனமான பிஎஸ்ஐயின் தென் மண்டல மையம் இருக்கிறது, திருச்சியில் செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. "இலை பறித்த அதே புதரிலிருந்து பின்னர் எடுக்கப்பட்ட மாதிரி" என்று பேப்பரில் உள்ளபடியே எழுதலாம். எண்ணெய்க்காக எப்படியும் புதிதாக இலை பறிக்கப் போகிறீர்கள், இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

சிவப்புமை:

நான் ரிவ்யூ செய்கிறவள், மாதம் இரண்டு பேப்பராவது வரும். எழுதும் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"நொச்சி குறிப்பிடத்தக்க பாக்டீரியா எதிர்ப்புத் திறனைக் காட்டியது" என்று அப்ஸ்ட்ராக்டில் இருந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. "ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு எம்ஐசி இவ்வளவு, கிளெப்சியெல்லாவுக்கு 1,000-க்கு மேல்" என்று இருந்தால் நிமிர்ந்து உட்காருவேன். வேலை செய்யாத பாக்டீரியாவையும் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். சொன்னவரை நான் அதிகம் நம்புகிறேன். மூன்று குழியில் ஒரே சாறை ஊற்றிவிட்டு மூன்று ரெப்ளிகேட் என்று எழுதுகிறார்கள், அது ஒரே சோதனைதான். தனித்தனியாகப் பறித்து, தனித்தனியாக வடித்து, வேறு வேறு நாளில் செய்தால்தான் மூன்று.

ஜர்னலைத் தேர்ந்தெடுக்க எளிய வழி, உங்கள் ரெஃபரன்ஸ் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் உண்மையாகவே படித்துப் பயன்படுத்திய பேப்பர்கள் எந்த ஜர்னலில் அதிகம் வந்திருக்கின்றன? அதில் கடைசி ஒரு வருஷ இதழ்களின் தலைப்புகளை மட்டும் படித்தாலே நம்முடையது அங்கே உட்காருமா என்று தெரிந்துவிடும். பணம் ஒரு கவலை என்றால் சந்தா, ஓப்பன் ஆக்சஸ் இரண்டு வழியும் உள்ள ஹைப்ரிட் ஜர்னலில் சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, ஓப்பன் ஆக்சஸ் கட்டத்தில் தெரியாமல் டிக் போட்டுவிடாதீர்கள். இந்திய அறிவியல் அகாடமி, சிஎஸ்ஐஆர் பக்கம் நடத்தும் ஜர்னல்களையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஜர்னலுக்குத்தான் அனுப்ப வேண்டும். இரண்டுக்கு அனுப்பி எது முதலில் வருகிறதோ என்று காத்திருந்தால் இரண்டிலும் போய்விடும்.

கவர் லெட்டரில் எடிட்டரைப் புகழ வேண்டாம், அப்ஸ்ட்ராக்டை ஒட்டவும் வேண்டாம். கேள்வி என்ன, என்ன கண்டீர்கள், இந்த ஜர்னல் வாசகருக்கு ஏன் வேண்டும், மூன்று வாக்கியம் போதும். ஏஐ கருவியை வைத்து மொழியைச் சரிசெய்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், கேட்கும் ஜர்னல் நிறைய. ரெஃபரன்ஸை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத பேப்பரைக் கொண்டுவந்து கொடுக்கும், நான் பிடித்திருக்கிறேன்.

"மேஜர் ரிவிஷன்" என்று வந்தால் அழாதீர்கள், அது நல்ல செய்தி. ரிவ்யூவர் சொன்ன ஒவ்வொரு வரியையும் அப்படியே ஒட்டி, கீழே உங்கள் பதில், எந்தப் பக்கம் எந்த வரியில் மாற்றினீர்கள் என்ற விவரம். செய்ய முடியாத சோதனையைக் கேட்டிருந்தால் முடியாது என்று காரணத்தோடு எழுதலாம், அதைக் குறைபாடாகப் பேப்பரிலும் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். இப்படி நேர்மையாக வந்த பதில்களை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

கைடிடம் "மாட்டேன்" என்று போகாதீர்கள் அம்மா. கரூர்பஸ் எழுதியதை எடுத்துக்கொண்டு போங்கள். "பிறகு ஆய்வுக் குழுவில் கேள்வி வந்தால் உங்கள் பெயரும் சேர்ந்து வருமே சார்" என்று சொல்லுங்கள். அவர் பெயரும் அந்தப் பேப்பரில் இருக்கிறது.

நொச்சிவேலி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கருவி மையத்தில் பிளாங்க் ஓட்டத்தின் கோப்பு இருந்தது. அதே நிமிஷத்தில் அதே பீக் நிற்கிறது, கிட்டத்தட்ட அதே உயரம். சாறை நான் வைத்திருந்தது சாதாரண பிளாஸ்டிக் பாட்டில், மெத்தனாலும் அதே மாதிரி கேனில்தான் வரும். அந்தப் பத்தி முழுவதையும் எடுத்துவிட்டேன். சாரிடம் பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கிளெவெஞ்சர் எம்எஸ்ஸி லேபில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது, கண்டென்சரில் மட்டும் ஒரு ஜாயின்ட் உடைந்திருக்கும், மாற்றிக்கொள் என்றார். ரெகுலேஷனையும் படித்துவிட்டேன், எங்களுக்கும் ஒரு பேப்பருக்கு அக்செப்டன்ஸ் போதும் என்றுதான் இருக்கிறது.

வேலி நொச்சி இப்போது பூத்திருக்கிறது. சனிக்கிழமை காலையில் போகிறேன். ஐந்து கிலோ இலை பறித்தால் எவ்வளவு எண்ணெய் வரும், யாராவது வடித்திருக்கிறீர்களா?

மூன்றாம்மாடி ஆய்வகம்:

மிகக் குறைவாகத்தான் வரும், ஐந்து கிலோவுக்குச் சில மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்ஐசிக்கும் ஜிசி-எம்எஸ்ஸுக்கும் அது தாராளம். பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள், உள்மூடி டெஃப்லானாக இருக்கட்டும்.