கல்யாண மண்டபத்துல "என்னைத் தெரியுதா?"ன்னு கேட்டா உண்மைய சொல்றதா, சமாளிக்கிறதா?

ஓரமா_நிக்கிறேன்
மக்களே ஒரு பஞ்சாயத்து. மதுரைல சொந்தக்காரங்க கல்யாணம். சாப்ட்டு கை கழுவிட்டு திரும்புறேன், அறுபது வயசு இருக்கும் ஒருத்தர், வெள்ளை வேட்டி, நெத்தி நிறைய விபூதி, என் கையைப் புடிச்சுக்கிட்டு "என்னப்பா, என்னைத் தெரியுதா?"ன்னாரு. சிரிச்சேன். "சிரிப்பெல்லாம் வேணாம், யாருன்னு சொல்லு பாப்போம்"னு கையை விடவே இல்ல, என் கை ஈரம் அவர் சட்டைக் கையில சொட்டுது. "தெரியாம என்னங்க, நல்லா இருக்கீங்களா"ன்னு ஓட்டிட்டு நழுவிட்டேன். வீட்டம்மா கார்ல ஏறுனதும் ஆரம்பிச்சிட்டாங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுதான் மரியாதையாம். நான் சமாளிக்கிறதுதான் மரியாதைங்கறேன். நீங்க சொல்லுங்க.

தேனி_காத்து
இதுல விவாதம் பண்ண என்ன இருக்கு, சமாளிக்கணும். தெரியலன்னு சொன்னா அந்த நிமிஷம் அவர் ஒன்னும் சொல்லமாட்டாரு, பந்தில உக்காந்ததும் பக்கத்து இலைக்காரர்கிட்ட "பய மெட்ராசுக்குப் போயி பெரிய ஆளாயிட்டான், நம்மளயெல்லாம் அடையாளம் தெரியல"ன்னு ஆரம்பிப்பாரு, பாயசம் வர்றதுக்குள்ள அது உங்க அம்மா காதுக்குப் போயிரும், அப்புறம் உங்களுக்கு போன்லயே அர்ச்சனை நடக்கும். இதுக்கு "அடடே வாங்க வாங்க, எப்ப வந்தீங்க, சாப்ட்டாச்சா"ன்னு கேட்டுட்டுப் போறதுல என்ன குறைஞ்சிரும்? நல்லா கவனிங்க, இந்தக் கேள்வி எதுக்கும் ஆள் யாருன்னு தெரிய வேண்டியதே இல்ல. ஒன்னே ஒன்னு, முறை சொல்லி மட்டும் கூப்ட்றாதீங்க. அவசரப்பட்டு "மாமா"ம்பீங்க, அவரு உங்க அப்பாவுக்குப் பங்காளியா இருப்பாரு, குட்டு அங்கயே உடைஞ்சிரும். பொம்பளையாளுகன்னா இன்னும் சிக்கல், சித்திய அத்தைன்னு கூப்ட்டா அவங்க பொண்ணு உங்களுக்கு முறைப்பொண்ணாயிரும்ல.

சாம்பார்_வாளி
தேனி அண்ணே, நீங்க சொல்ற இந்த நாலு வார்த்தை எங்க போய் முடியும்னு நான் சொல்றேன். என் சித்தப்பா பையன் இதே ஸ்டைல்தான். ஒரு வளைகாப்புல ஒரு அம்மா வந்து தெரியுதாப்பான்னு கேக்க, இவன் "என்னம்மா இப்படி கேட்டுட்டீங்க"ன்னு ஆரம்பிச்சு பேச்சு நிக்கக்கூடாதேன்னு "ஐயா எப்படி இருக்காரு, கூட்டிட்டு வரலையா"ன்னு கேட்டுட்டான். ஐயா போய்ச் சேந்து ஒரு வருஷம் கூட ஆகல. இதுல கொடுமை என்னன்னா இவன் அந்த துட்டிக்குப் போயிருக்கான். அந்தம்மா திட்டக்கூட இல்ல, "நீதானேப்பா ஒரு பக்கம் பாடைக்குத் தோள் குடுத்தே"ன்னாங்க. அதோட அவன் அந்த ஊர் பக்கமே போறதில்ல. "மன்னிச்சுக்கோங்கம்மா, சட்டுனு புடிபடல, யாருன்னு சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தா மேட்டர் அரை நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

தேனி_காத்து
அது உங்க தம்பி பண்ண தப்பு, சமாளிக்கிற முறையே தப்புன்னு ஆகாது. தொழில் தெரிஞ்சவன் மண்டபத்துக்கு வெளிய இருக்கற எதப் பத்தியும் பேசமாட்டான். ஏசி வேலை செய்யல, கூட்டம் ஜாஸ்தி, ரசம் நல்லாருக்கு, பார்க்கிங் இல்ல. அவ்வளவுதான். உயிரோட இருக்கறவங்க இல்லாதவங்க ரெண்டு பேருமே இந்த லிஸ்ட்ல வரமாட்டாங்க.

கோயமுத்தூர்க்காரனுங்க
எங்க ஊர்ப்பக்கம் இது பாதிப் பிரச்சனைதானுங்க. பேரும் வேண்டாம் முறையும் வேண்டாம், எல்லாத்துக்கும் கடைசில ஒரு "ங்க" போட்டு "வாங்க, சொல்லுங்க, சரிங்க, ஆமாங்க"ன்னே ஒரு மணி நேரம் ஓட்டலாம், எதிர்ல நிக்கறது தாய்மாமனா தாசில்தாரான்னே தெரிய வேண்டியதில்லைங்க. கெளம்பறப்ப மட்டும் "உங்க நெம்பர் எங்கிட்ட இல்லாமப் போச்சுங்க, ஒரு மிஸ்டு கால் குடுங்க"ன்னா சோலி முடிஞ்சுது. பேரு என்னன்னு போடட்டும்னு சிரிச்சுட்டே கேட்டுக்கலாம்.

சாம்பார்_வாளி
மிஸ்டு காலா, தயவுசெஞ்சு யாரும் அதைப் பண்ணிடாதீங்க. என் கூட வேலை பாக்கறவர் பண்ணாரு. அவரு போனை நீட்டிக்கிட்டு நிக்க, அந்த மனுஷன் டயல் பண்ண, நம்பர் ஏற்கனவே சேவ் ஆகியிருக்கு, ஸ்க்ரீன் முழுக்க கொட்டை எழுத்துல "எடுக்காதே 2"ன்னு வந்து நிக்குது. ரெண்டு பேரும் குனிஞ்சு படிச்சாங்களாம். அதுக்கு அந்த மனுஷன் கேட்ட கேள்விதான் டாப்பு, "ஒன்னு யாரு?"

கோயமுத்தூர்க்காரனுங்க
😂😂 நல்லவேளைங்க, மொதல் எடத்தைக் குடுக்கல

அரைகுறை_அறிவியல்
சண்டைய கொஞ்சம் நிறுத்துங்க. ஆள் தெரியாமப் போறது திமிரும் இல்ல மறதி வியாதியும் இல்ல. 1980ல ஜார்ஜ் மேண்ட்லர்ங்கற உளவியல்காரர் இதுக்கு ஒரு உதாரணமே சொல்லி வச்சிருக்காரு, கடையில அடிக்கடி பாக்கற கறிக்கடைக்காரரை பஸ்ல பாத்தா தெரிஞ்ச மூஞ்சின்னு அடிச்சு சொல்லும் மனசு, ஆனா யாருன்னு மட்டும் வராது, ஏன்னா கடையும் கத்தியும் அவரோட பஸ்ஸுல ஏறல. மண்டபமும் அப்படித்தான், தெருவுல லுங்கியோட பாத்த மனுஷன் டை அடிச்சு பட்டு வேட்டில வந்து நின்னா எப்படி புடிபடும்? 2018ல இங்கிலாந்து யார்க் பல்கலைக்கழகத்துக்காரங்க ஆய்வு பண்ணி, ஒரு ஆளுக்கு சராசரியா 5000 முகம் அடையாளம் தெரியும்னாங்க, சினிமா நடிகர் அரசியல்வாதி எல்லாம் சேத்துதான். ஆனா ராபின் டன்பார் கணக்குப்படி நெஜமா உறவு வச்சுப் பழக முடியறது சுமார் 150 பேர்கிட்டதான். நம்ம வீட்டுப் பத்திரிகை லிஸ்ட்ல பங்காளி மட்டுமே அவ்வளவு வருவாங்களே. முகமே மனசுல நிக்காத நிலைமைக்கு புரோசோபக்னோசியான்னு பேரு, ஆலிவர் சாக்ஸ்னு பெரிய நரம்பியல் டாக்டர் ஒருத்தருக்கு அது இருந்துச்சு, யாரோ தாடிக்காரர் மேல இடிக்கப் பாத்தோம்னு மன்னிப்பு கேட்டாராம், பாத்தா எதிர்ல இருந்தது கண்ணாடி. இன்னொன்னு, 1987ல ஒரு சோதனைல ஒரே வார்த்தைய ஒருத்தரோட குடும்பப் பேருன்னு சொன்னா மறந்துபோகுது, அதையே அவர் தொழில்னு சொன்னா ஞாபகம் நிக்குது. நம்ம வீட்டுல போஸ்ட்மாஸ்டர் தாத்தா, கண்டக்டர் மாமான்னு பேர் வச்சவங்க இதைப் படிச்சிட்டா வச்சாங்க? ஆகவே என் யோசனை, "இப்ப வேலைலாம் எப்படிப் போகுது"ன்னு கேளுங்க, பதில்ல துப்பு கெடைக்கும்.

சாம்பார்_வாளி
அப்ப அறிவியல் என் கட்சி. வெக்கப்பட ஒன்னுமில்ல, தெரியலன்னு சொல்லிரலாம்.

அரைகுறை_அறிவியல்
சொல்லலாம். ஆனா பெரியப்பாகிட்ட மேண்ட்லர் பேரைச் சொல்லிப் பாருங்க, "அவரு எந்த ஊரு, யாரு மகன்"ம்பாரு. அப்புறம் நீங்க ரெண்டு பேருக்கு விளக்கம் சொல்லணும். தவிர அறுபது வயசுக்காரர்கிட்ட வேலை எப்படிப் போகுதுன்னு கேட்டா ரிட்டயர்டு ஆயாச்சுன்னு ஒத்த வரில முடிச்சிருவாரு, அந்த ரிஸ்க்கும் இருக்கு.

ஸ்காபரோ_பொடியன்
எங்கட சனம் கலியாண வீட்டில கண்ட உடனை "நீர் ஆற்றை மகன், எந்த ஊர்" எண்டுதான் துவங்குவினம், அதை நாங்களும் திருப்பிக் கேக்கலாம், ஒருத்தரும் குறை விளங்காயினம். நான் "நீங்கள் ஊரில எவடம்" எண்டு கேட்டுட்டு விட்டுடுவன். பிறகு அவையே கோயிலடி, ஒழுங்கை, ஆற்றை வீட்டுக்குப் பக்கத்து வீடு எண்டு எல்லாத்தையும் சொல்லி முடிக்க ஆள் ஆரெண்டு தன்ரபாட்டில விளங்கிடும். பேச்சை நிப்பாட்டுறதுதான் பெரிய கஷ்டம்.

தேனி_காத்து
தம்பி இது ஏ கிளாஸ். ஆனா எங்க பக்கம் ஊர் கேட்டா "ஏன், பத்திரிகை வைக்கப் போறியா, உங்க வீட்டு விசேஷத்துக்குத்தான் சொல்லவே இல்லையே"ன்னு பழைய கணக்கு ஒன்னு கெளம்பும், அதான் பயம்.

பெரியத்தை_பேசுறேன்
எல்லாரும் சேந்து எங்களைக் கழுவி ஊத்திட்டீங்க, இப்ப நான் பேசலாமா? நான் அந்த "தெரியுதா" கோஷ்டிதான். பேரைச் சொல்லி அறிமுகம் பண்ணிக்கிறது பேங்க்ல, ஆஸ்பத்திரில. அண்ணன் மகன்கிட்டப் போயி "வணக்கம், என் பேரு இன்னது"ன்னு நிக்க முடியுமா? இவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துறப்ப என் மடிலதான் உக்காந்து புடவையெல்லாம் நனைச்சான், அந்த உரிமைலதான் கேக்குறோம். உங்க சமாளிப்பு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. கண்ணு நம்ம மூஞ்சில நிக்காது, பின்னாடி யாராவது வந்து பேர் சொல்லி கூப்ட மாட்டாங்களான்னு தேடும். ரசம் நல்லாருக்குன்னு சொல்றவனை எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்.

சாம்பார்_வாளி
அத்தை, அப்ப தெரியலன்னு நேரா சொன்னா கோவப்பட மாட்டீங்கதானே?

பெரியத்தை_பேசுறேன்
படமாட்டேன். அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு யாரு எவருன்னு விளக்கமா சொல்லுவேன்.

தேனி_காத்து
மண்டபத்துல நாலு பேருகிட்ட "அவனுக்கு என்னையே தெரியல"ன்னு சொல்ல மாட்டீங்களா?

பெரியத்தை_பேசுறேன்
அது சொல்லத்தான் செய்வேன். கல்யாணத்துக்கு வந்துட்டு வேற என்னத்தைப் பேசுறது?

தேனி_காத்து
பாத்தீங்களா, கேஸ் குளோஸ்.

ஓரமா_நிக்கிறேன்
அத்தை ஒரு சந்தேகம். யாருன்னு நீங்களே மொதல்ல சொல்லிட்டு அப்புறம் மடி புடவை கதையெல்லாம் சொன்னா எங்களுக்கும் சந்தோஷமாதானே இருக்கும், பரீட்சை எதுக்கு?

பெரியத்தை_பேசுறேன்
உன் கல்யாணத்துக்கு நாங்க வந்தப்ப மேடையில நின்னு எல்லாருக்கும் ஒரே சிரிப்பு சிரிச்சியே, கவர் வாங்கி பின்னாடி குடுத்துட்டு கேமராவைப் பாத்தியே, அப்ப நாங்க யாருன்னு உனக்குத் தெரிஞ்சுதா? அதுக்குத்தான் பரீட்சை. தலை நரைச்சு உடம்பு இளைச்சுப் போச்சுன்னா எங்களுக்கும் ஒரு சந்தேகம் வரும்ல, இன்னும் நாலு பேருக்கு நம்மளைத் தெரியுதான்னு. அதைக் கேக்காம எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உசிலை_எக்ஸ்பிரஸ்
நீங்க அடிச்சுக்கிறதப் பாத்தா சிரிப்பா வருது, வழி மண்டப வாசல்லயே இருக்கு. மொய் எழுதற மேஜை. எங்க பக்கம் இப்ப கம்ப்யூட்டர் வச்சுத்தான் மொய் எழுதறாக, ஊரு பேரு தொகை எல்லாம் தட்டி ரசீதே குடுத்துருவாக. ஆளைப் பாத்து சந்தேகம்னா மெதுவா மேஜைகிட்டப் போயி, தண்ணி பாட்டில் தேடுற மாதிரி நில்லுங்க. "எந்த ஊரு, பேரு சொல்லுங்க"ன்னு எழுதறவரு கேப்பாரு, அவரு சத்தமா சொல்லுவாரு, ஐநூறா ஆயிரத்தி ஒன்னாங்கறது வரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் நேராப் போயி நீங்களே "வாங்க, ஊருல மழையா"ன்னு ஊர் பேரச் சொல்லிக் கேளுங்க. அத்தைக்கும் சந்தோஷம், உங்களுக்கும் சந்தோஷம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்துக்கே ஆடி மாசத்துல பத்திரிகை அடிப்பாக, அங்க நோட்டுல ஆளு தப்பினா காசும் தப்பிரும், அதனால ஒருத்தரும் "தெரியுதா"ன்னு விளையாடுறதில்ல.

சாம்பார்_வாளி
இது ஒத்துக்க வேண்டிய விஷயம். ஆனா நேர்மை கட்சிய நான் விடல. மொய் மேஜைக்குப் போறதுக்கு முன்னாடி ஆளு பந்தில புடிச்சுட்டா?

உசிலை_எக்ஸ்பிரஸ்
அதுக்குத்தான் வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போறது. முழங்கையில லேசா இடிச்சா அவங்களே முன்னால வந்து "நான் இவரு சம்சாரம், நீங்க?"ன்னு கேக்கணும். மருமகளுக்குத் தெரியாமப் போனா யாரும் குத்தம் சொல்றதில்ல.

ஓரமா_நிக்கிறேன்
அதான் பிரச்சனையே. அன்னிக்கும் இடிச்சேன். "ஏங்க இடிக்கிறீங்க, உங்களுக்கு இவரைத் தெரியலையா?"ன்னு அவர் முன்னாடியே கேட்டுட்டாங்க.

கோயமுத்தூர்க்காரனுங்க
உங்களுக்கு அந்த ஈரக் கை மனுசன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியவே இல்லீங்களா?

ஓரமா_நிக்கிறேன்
இல்லங்க. அம்மாகிட்ட விபூதி, வெள்ளை வேட்டின்னு அடையாளம் சொன்னேன், "மதுரைல அப்படி இல்லாதவங்க யாரு"ன்னு வச்சிட்டாங்க. இப்ப அடுத்த வாரம் அதே வீட்டுல மறுவீட்டு விருந்து, மொத்தமே இருபது பேர்தான், மொய் மேஜையும் கிடையாது. என்ன பண்றது?

தேனி_காத்து
பரிமாறப் போயிருங்க. கையில சாம்பார் வாளி இருக்கறவனை யாரும் நிறுத்தி வச்சு கேள்வி கேக்க மாட்டாங்க.

சாம்பார்_வாளி
என்னை ஏங்க இதுல இழுக்கறீங்க