உரக் குழாய் மீட்டர் கணக்கு குறைகிறது: ஐடிலை மூடுவதா, வேண்டாமா?

பாலக்கோட்டான்:
காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகளில் சொட்டுநீருக்கு வைக்கிற பெட்டி பற்றி. லினக்ஸ் ஓடும் ஆர்ம் போர்டு, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, 20 வாட் சோலார். உரக் கரைசல் போகும் அரை அங்குலக் குழாயில் ஹால் சென்சார் மீட்டர், லிட்டருக்குச் சுமார் 450 பல்ஸ். நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால் கணக்கு சரி. ஒரு லிட்டராகக் குறைத்தால் பாதி பல்ஸ் காணோம். சிபியூ ஆழமாகத் தூங்கும்போது இன்டரப்ட் (பல்ஸ் வந்ததென்று சிபியூவைக் கூப்பிடும் சிக்னல்) தொலைகிறது. பூட் வரியில் சிபியூஐடிலை (வேலை இல்லாதபோது சிபியூவைத் தூங்கவைக்கும் கர்னல் பகுதி) ஆஃப் செய்யுங்கள், வேலை முடிந்தது. உரக் கணக்கு தப்பினால் மரம் பாதிக்கும். நாலு மில்லிஆம்பியர் மிச்சம் பிடித்து என்ன பயன்?

ஓசூர்ப்பொறி:
அறிகுறி சரி, காரணம் தப்பு அண்ணா. சிபியூ தூங்குவதால் மட்டும் இன்டரப்ட் தொலையாது. ஆர்மில் டபிள்யூஎஃப்ஐ (இன்டரப்ட் வரும்வரை காத்திரு) கட்டளை, இன்டரப்ட் மாஸ்க் ஆகியிருந்தாலும், அதாவது அடைக்கப்பட்டிருந்தாலும், காத்திருக்கும் இன்டரப்டைக் கண்டு எழுந்துவிடும். அதனால்தான் கர்னல் இன்டரப்டை அடைத்துவிட்டு, ஓட வேண்டிய வேலை ஏதும் உண்டா என்று பார்த்து, அதன் பிறகு தூங்கப் போகிறது. மேசைக் கணினியின் எக்ஸ்86-இல் எஸ்டிஐ (இன்டரப்டைத் திற) போட்ட உடனே எச்எல்டி (தூங்கு). எஸ்டிஐயின் பலன் ஒரு கட்டளை தள்ளித்தான் வரும், ஆகவே இரண்டுக்கும் நடுவே இன்டரப்ட் நுழைய முடியாது. இந்த வரிசையை மாற்றி முதலில் திறந்து, பிறகு பார்த்து, பிறகு தூங்கினால் சோதனைக்கும் தூக்கத்துக்கும் நடுவே வந்த எழுப்பல் வீணாகும். டிக் (சீரான டைமர் துடிப்பு) நின்றுபோன கர்னலில் அடுத்த டைமர் வரைக்கும் அந்த வேலை கிடக்கும்.

உங்கள் பெட்டியில் தூங்கிவிட்டது ஜிபிஐஓ வங்கி, அதாவது மீட்டர் மாட்டிய பின் இருக்கும் தொகுதி. ஆழமான நிலையில் அதன் கிளாக்கும் நிற்கிறது, சில சிப்களில் பவரே போகிறது. பல்ஸின் விளிம்பு (ஏற்ற இறக்கம்) வந்ததைக் கவனிக்க அங்கே யாரும் இல்லை. ஓமேப் வகை சிப்களுக்கான ஜிபிஐஓ டிரைவர் தூங்குமுன் பின்களின் நிலையைக் குறித்துவைத்து, எழுந்ததும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் தானே ஒரு இன்டரப்டை உண்டாக்கும். எது முந்துகிறது என்பதைப் பொறுத்துத் தப்பக்கூடிய வழி இது என்று அந்தக் கோடின் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. அதோடு, ஒரு விநாடி தூக்கத்தில் ஏழு பல்ஸ் போயிருந்தால் எழும்போது கிடைப்பது அதிகபட்சம் ஒன்று.

மீட்டரை எழுப்பும் தகுதியுள்ள பின்னுக்கு மாற்றுங்கள். சிப் ஏஎம்335எக்ஸ் என்றால் வங்கி 0 வேக்கப் டொமைனில் (ஆழ்தூக்கத்திலும் விழித்திருக்கும் பகுதி) இருக்கிறது, 1 முதல் 3 வரை அதில் இல்லை. ஒரு ஒயர் மாற்றுகிற வேலைதான்.

பாலக்கோட்டான்:
ஒயர் மாற்றலாம், பெட்டி உங்கள் மேசையில் இருந்தால். வயலில் மாட்டியதில் வங்கி 0-வின் பின் எல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டது. இன்னொன்று: சிபியூஐடிலை ஆஃப் செய்தாலும் கர்னல் சும்மா சுற்றாது. வெறும் டபிள்யூஎஃப்ஐ-யில் உட்காரும். கோர் ஓய்ந்துதான் இருக்கும், வங்கிக் கிளாக் மட்டும் ஓடும். பெரிய செலவு இல்லை.

ஓசூர்ப்பொறி:
டபிள்யூஎஃப்ஐ பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. செலவைத்தான் கணக்குப் போட வேண்டும். வித்தியாசம் 40 மில்லிஆம்பியர் என்றே வையுங்கள்: நாளுக்கு 0.96 ஆம்பியர்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 3.5. ஐப்பசி மழையில் மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் இந்த வித்தியாசமே 2.9 தின்றுவிடும். பெட்டி அணைந்தால் பல்ஸ் ஏது? உங்கள் போர்டில் எவ்வளவு என்று கிளாம்ப் மீட்டரை நம்பாமல், பேட்டரியோடு தொடராக மல்டிமீட்டர் வைத்து அளந்து சொல்லுங்கள்.

மூடியே ஆக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மூடாதீர்கள். சிபியூ0-வின் சிபியூஐடில் கோப்பகத்தில் ஒவ்வொரு நிலைக்கும் டிசேபிள் என்று ஒரு கோப்பு உண்டு. கடைசியான, மிக ஆழமான நிலையில் மட்டும் 1 எழுதுங்கள். ரீபூட் வேண்டாம், உரம் பாய்கிற நேரத்தில் 1, முடிந்ததும் 0 என்று வால்வு ஸ்கிரிப்டிலேயே வைக்கலாம்.

அரூர்க்காரர்:
இருவருமே தொலைந்த இன்டரப்ட் பற்றியே பேசுகிறீர்கள். தாமதமான இன்டரப்ட் வேறு நோய். அதே பெட்டியில் மோடம் 115200 வேகத்தில் பேசினால் ஒரு எழுத்துக்கு 87 மைக்ரோவிநாடி. 16 பைட் ஃபிஃபோ (வந்த எழுத்துகள் காத்திருக்கும் இடம்), 8-இல் இன்டரப்ட் என்றால் மிச்ச இடம் நிரம்ப 0.69 மில்லிவிநாடி. தூக்கத்திலிருந்து எழ அதற்கு மேல் ஆனால் ஓவர்ரன். இங்கே இன்டரப்ட் வந்தது, சிபியூ எழுந்தது, ஆனால் பைட் போய்விட்டது. இதற்கு சிபியூ டிஎம்ஏ லேட்டன்சி என்ற டிவைஸ் கோப்பைத் திறந்து 32 பிட் எண்ணாக 200 (மைக்ரோவிநாடி) எழுதி, நிரல் ஓடும்வரை மூடாமல் வைத்திருக்க வேண்டும். எக்கோ கட்டளையால் எழுதினால் கோப்பு உடனே மூடி, கோரிக்கையும் போய்விடும். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

அந்தக் கோரிக்கை சிபியூவை மட்டுமே கட்டும். யுஆர்ட் (மோடம் பேசும் தொடர் போர்ட்) தன் ரன்டைம் மின் சேமிப்பில் தூங்கினால் முதல் எழுத்து போகும். போர்டு மாட்பஸ் (கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) அடிமையாக, அதாவது கேட்டால் பதில் சொல்லும் பக்கமாக, இருந்தால் அந்த முதல் எழுத்துதான் முகவரி. செய்தி முழுவதும் குப்பை. அந்த யுஆர்ட்டின் பவர் கோப்பகத்தில் கண்ட்ரோல் கோப்பை ஆட்டோவிலிருந்து ஆனுக்கு மாற்றுங்கள். டிரைவரில் எனேபிள் ஐஆர்க்யூ வேக் போட்டேன், பலனில்லை என்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது முழு சஸ்பெண்டுக்கானது (போர்டு முழுவதும் உறங்கும் நிலை), ஓடும்போது வரும் ஐடிலுக்கு அல்ல.

பாலக்கோட்டான்:
சரி, டிசேபிள் கோப்பு வழி எனக்குச் சம்மதம். ஆனால் புதுப் பெட்டிக்கு வேக்கப் பின்னும் வேண்டாம் என்பேன். சின்ன மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றைப் பல்ஸ் எண்ண விட்டு, ஐ2சி (சிப்களை இணைக்கும் தொடர் கம்பி) வழியே மொத்தத்தை வாங்கிக்கொள்வதுதான் நியாயம். கர்னல் பதிப்பு மாறினாலும் எண்ணிக்கை மாறாது.

ஓசூர்ப்பொறி:
எண்ணிக்கைக்கு அது நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் வால்வு சிக்கியதைச் சொல்லும் சுவிட்சுக்கு உடனே எழ வேண்டும், அதற்கு வேக்கப் பின்தான்.

எதைச் செய்தாலும் சோதனையை மெதுவான பல்ஸில் செய்யுங்கள். விநாடிக்கு 150 என்றால் இடைவெளி 6.7 மில்லிவிநாடி. மெனு கவர்னர் (எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்று தீர்மானிக்கும் கர்னல் பகுதி) கடைசி எட்டு இடைவெளிகளைப் பார்த்து, குட்டித் தூக்கம்தான் என்று முடிவு செய்துவிடும். ஆழமான நிலைக்குப் பெரும்பாலும் போகாது, பழுதும் தெரியாது. பாலக்கோட்டான் அண்ணா முழு ஓட்டத்தில் சரியான கணக்கைப் பார்த்ததும் இதனால்தான் இருக்கும். 555 டைமர் சிப்பில் விநாடிக்கு 7 பல்ஸ் கொடுத்து ஐந்து நிமிடம் விடுங்கள். 555-இன் வேகம் கொஞ்சம் முன்னே பின்னே நகரும், ஆகவே மொத்தத்தைத் தனி எண்ணி (கவுன்டர்) ஒன்றிலும் எடுங்கள். ப்ராக் இன்டரப்ட்ஸ் கோப்பில் (கர்னல் எண்ணிய இன்டரப்டுகளின் பட்டியல்) அந்தப் பின்னின் எண்ணை முன்னும் பின்னும் குறித்துக் கழித்து, எண்ணியோடு ஒப்பிடுங்கள். கடைசி நிலையைத் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை. மூடினால் மட்டும் இரண்டும் ஒத்துவந்தால் வங்கிதான். இரண்டு முறையும் ஒத்துவந்து நிரலின் கணக்கு மட்டும் குறைந்தால் பழுது நிரலில், தூக்கத்தில் இல்லை.