பெயின்டிங்குக்கு அட்வான்ஸில் 28,000 பிடிக்கிறார், விட்டுவிடத்தான் வேண்டுமா?

மாடிப்போர்ஷன்:
சென்னையில் நாலு வருஷம் குடியிருந்த வீட்டைக் காலி பண்ணி 40 நாள் ஆகிறது. வாடகை 14,000, அட்வான்ஸ் 1 லட்சம். சாவி கொடுத்த அன்று ஹவுஸ் ஓனர் அறை அறையாக நடந்து, சுவரில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். "பெயின்டிங்குக்கு ரெண்டு மாச வாடகை பிடிச்சுக்குவேன், எல்லா இடத்துலயும் அதானே வழக்கம்" என்றார். நான் அடித்தது மூணே ஆணி. சமையலறைக் கதவுக்குப் பின்னால் பையன் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். அதையும் முந்தின ராத்திரி ரப்பரால் அழித்துவிட்டேன் (மனசே வரவில்லை, அது வேறு கதை). ஹாலில் சுவர் ஊதி உதிர்வது மொட்டைமாடித் தண்ணீர் இறங்கியதால். இரண்டு மழைக்காலமாக வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி ஓய்ந்துபோனேன். மீதி 72,000 கூட அடுத்த ஆள் குடிவந்த பிறகுதானாம்.

பழைய குடித்தனக்காரன்:
2017ஆம் வருஷத்து தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22லிருந்து அமலில் இருக்கு. பிரிவு 11ஐப் படிங்க. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள அட்வான்ஸ் கைக்கு வரணும், நீங்க தர வேண்டிய பாக்கியை மட்டும்தான் கழிக்கலாம். அடுத்த ஆள் வர்றது அவர் கவலை. அப்புறம் இரண்டாம் அட்டவணை. வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாத்துறது, வயரிங் எல்லாம் ஓனர் தலையில. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கதவுக் கைப்பிடி நம்ம தலையில.

வீட்டுக்காரர்:
நானும் வாடகைக்கு விடுறவன்தான். ஒருத்தர் என்னைக் கேக்காம படுக்கையறை முழுக்கக் கரும்பச்சை அடிச்சுட்டுப் போனார், மூணு கோட்டிங் அடிச்சும் பச்சை எட்டிப் பார்த்துது. அதுக்குப் பிடிச்சேன். நாலு வருஷத்துல சுவர் மங்குறதுக்குப் பிடிக்கிறது நியாயமில்லை. ஆனா அக்ரிமென்ட்ல பெயின்டிங் பத்தி ஒரு வரி இருக்கும், பாருங்க. டைப் அடிக்கிற கடையில எல்லாருக்கும் ஒரே அச்சுதான்.

மாடிப்போர்ஷன்:
இருக்கு சார், எட்டாவது வரி! "பெயின்டிங் செலவு வாடகைதாரரைச் சார்ந்தது." ஆனால் அது 11 மாச அக்ரிமென்ட். ஒரு தடவை புதுப்பித்தோம், பிறகு ரெண்டு பேருமே மறந்துவிட்டோம்.

பழைய குடித்தனக்காரன்:
அந்த வரியை வெச்சு அவர் பேசுவார், பேசட்டும். அக்ரிமென்ட்டை இந்தச் சட்டப்படி இருக்கிற வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணினீங்களா? சார்பதிவாளர் ஆபீஸ் இல்ல, இது வேற. பண்ணலைன்னா வழி கொஞ்சம் சுத்து: வக்கீல் நோட்டீஸ், சிவில் கோர்ட். அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. சாவி கொடுத்த தேதி, தொகை, 15 நாள் கெடு, கூடவே அந்த மழைக்கால போட்டோ. கோபமா ஒரு வார்த்தை வேண்டாம்.

மாடிப்போர்ஷன்:
பதிவா? அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று ஓனரே போன் பண்ணினார். "எதுக்கும்மா தபால் எல்லாம், பேசித் தீர்த்துக்கலாமே. ஒரு மாச வாடகை மட்டும் பிடிச்சுக்கறேன், மீதியை வெள்ளிக்கிழமை போட்டுடறேன்" என்கிறார். கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. யோசிச்சுச் சொல்றேன்னு வைத்துவிட்டேன்.