ஞாயிற்றுக்கிழமையே சமைத்து வைத்து லஞ்ச் பாக்ஸ் கட்டினால் அம்மா சோம்பேறியா?

மித்து அம்மா (கோவை)
பையன் ஐந்தாம் வகுப்பு. வேன் காலை 7:10க்குத் தெருமுனைக்கு வந்துவிடும். அவனை ஏற்றிவிட்ட கையோடு நான் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியமே வாரத்துக்கான வேலையைப் பாதி முடித்து வைத்துவிடுகிறேன். தக்காளித் தொக்கு ஒரு பாட்டில், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி. கொண்டைக்கடலை வேகவைத்து ஃப்ரீசரில். சப்பாத்தி அரைவேக்காடாகச் சுட்டு, நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்து அதுவும் ஃப்ரீசரில். பீன்ஸ், கேரட் நறுக்கி டப்பாவில். சாதம் மட்டும் அன்றன்று காலை குக்கரில்.

யாருக்காவது உதவட்டுமே என்று இதைப் போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வந்த முதல் பதில்: “பாவம் குழந்தை, வாரம் பூரா ஃப்ரிட்ஜ் சாப்பாடா?” அதற்குக் கீழே வரிசையாக அழுகிற முகங்கள். “எங்க வீட்ல எல்லாம் அன்னன்னிக்குத்தான்” என்று இன்னொருவர். அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியையும், “கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா குடுத்து அனுப்புங்க மேடம்” என்றார். அவர் டப்பாவைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. குழுவில் படித்ததை வைத்துச் சொல்கிறார்.

பையன் டப்பாவைக் காலி செய்துகொண்டுதான் வருகிறான். தப்பு சாப்பாட்டில் இருக்கிறதா, இல்லை என்னிடம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை (கும்பகோணம்)
மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதேம்மா. நானும் வங்கி வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள்தான். ஐந்து மணிக்கு எழுந்தால் எல்லாம் ஆகும். ஒரு அடுப்பில் குக்கர், இன்னொன்றில் வாணலி. எலுமிச்சை சாதம் தாளிக்க எத்தனை நேரம் ஆகிவிடப் போகிறது? வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறை நாளையும் அடுப்படியிலேயே கழித்து என்ன மிச்சம்?

இன்னொன்று. இன்றைக்குத் தொக்கு என்பார்கள், அடுத்த மாதம் சாம்பார் உள்ளே போகும், அதற்கடுத்து சாதமே போகும். எங்கள் பக்கத்து வீட்டில் சாம்பாரை நான்கு நாள் வைத்துச் சுட வைத்துச் சுட வைத்துக் கொடுக்கிறார்கள். எது எந்தக் கிழமை வைத்தது என்று அவர்களுக்கே தெரியாது. நடுவில் கரண்ட் வேறு போய்ப் போய் வரும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வாட்ஸ்அப் குழுவா வந்து பார்க்கும்?

பொடிதோசை
ஞாயிறு அரைத்த மாவில் வியாழக்கிழமை ஊத்தப்பம் ஊற்றாத வீடு தமிழ்நாட்டில் இருந்தால் கை தூக்கவும். ஊறுகாய், பொடி, வடகம், வற்றல், புளிக்காய்ச்சல் எல்லாமே முன்கூட்டிச் செய்து வைக்கிற சமாச்சாரம்தானே. மாமியார் பரணில் ஏற்றி வைத்தால் கைப்பக்குவம், மருமகள் ஃப்ரீசரில் வைத்தால் சோம்பேறித்தனமா?

காவிரிக்கரை (கும்பகோணம்)
மாவு புளிக்கத்தான் வேண்டும். ஊறுகாயில் உப்பும் எண்ணெயும் இருக்கின்றன. வேகவைத்த கடலையில் என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

ஷிப்ட் அப்பா (ஓசூர்)
எங்கள் வீட்டில் டப்பா கட்டுவது நான். இரவு ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு வீட்டுக்கு வருவேன். ஞாயிறு செய்த தொக்கு, காலையில் வைத்த சாதம், ஒரு வேகவைத்த முட்டை. மித்து அம்மா செய்வதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் பள்ளி வாசலில் எனக்குக் கிடைப்பது பாராட்டு. “சார்தான் சமைக்கிறாரா! மேடம் குடுத்து வெச்சவங்க.” வாரத்தில் நான் ஓய்வெடுக்கிற நாளில் அதே தொக்கைப் போட்டு என் மனைவி கட்டிக் கொடுத்தால், “என்ன, இன்னிக்கும் தொக்கா?” என்கிறார்கள். சொல்வதும் அதே ஆட்கள்.

2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. அதுவும் ஏதாவது வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான் இது. செய்யாதவர்கள் கணக்கிலேயே வரவில்லை. ஐந்து மணிக்கு எழுந்தால் ஆகும் என்று சொல்கிறவர்கள், யார் எழுந்தால் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

காவிரிக்கரை (கும்பகோணம்)
தம்பி, அந்தத் தொக்கை ஞாயிற்றுக்கிழமை கிண்டுவது யார்?

ஷிப்ட் அப்பா (ஓசூர்)
நான்தான் அக்கா. மனைவி தக்காளி நறுக்கித் தருவார். கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்பு இருக்கிறது, போட்டோ வேண்டுமா?

கிருமிக்கணக்கு
உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் சரி, கொஞ்சம் தப்பு.

காவிரிக்கரை அக்கா சாதத்துக்குப் பயப்படுவது நியாயம். அரிசியில் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். அவை கொதியிலும் சாவதில்லை. வெந்த சாதம் வெளியில் கிடந்தால் வித்து முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால்தான் மிஞ்சிய சாதத்தை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ஒரு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது என்று பிரிட்டனில் அறிவுரை சொல்கிறார்கள். சமைத்ததை அகலத் தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஆழமான பாத்திரத்தில் மூடி வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

அக்காவுக்குப் பிடிக்காத பகுதிக்கு வருவோம். கிருமி வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். காலை ஐந்தரைக்குச் சமைத்த சாதத்தை ஆறரைக்கு எவர்சில்வர் டப்பாவில் அடைத்தால், பன்னிரண்டரைக்குக் குழந்தை திறக்கும்போது ஆறு மணி நேரமாக அது அந்த வெப்பத்திலேயே இருந்திருக்கிறது. மே மாதம் நம் வகுப்பறை என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அன்றே சமைத்தது என்பதால் மட்டும் அது பத்திரமாகிவிடாது. ஞாயிறு செய்து ஃப்ரீசரில் வைத்த கடலை, காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி ஹாட் பாக்ஸில் போனால் அதைவிடப் பத்திரம். ஹாட் பாக்ஸிலும் முதலில் கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, அப்புறம் சாப்பாட்டைப் போட வேண்டும். இதை யாரும் செய்வதில்லை.

புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் மூன்றும் பயணத்துக்குத் தாங்குவது புளிப்பால்தான். நம் முன்னோர் கிருமியைப் பார்த்ததில்லை, கெட்டுப்போன சோற்றை நிறையப் பார்த்திருப்பார்கள்.

கரண்ட் விஷயம்: திறக்காமல் விட்டால் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரைகூடத் தாங்கும். கரண்ட் போனதும் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் நம் வீட்டுப் பழக்கம்.

நல்லெண்ணெய் டின்
ஃப்ரிட்ஜில் வைத்தாலே சத்தெல்லாம் போய்விடும் என்று படித்தேனே?

கிருமிக்கணக்கு
நறுக்கி வைத்த காயில் வைட்டமின் சி குறையும், அது உண்மை. ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும் நறுக்கி வைப்பது நல்லது. கடலையில் இருக்கிற புரதமும் இரும்புச்சத்தும் ஃப்ரீசரை விட்டு எங்கேயும் ஓடிப்போகாது.

சாக்பீஸ் டீச்சர் (விழுப்புரம் பக்கம்)
நான் அரசுப் பள்ளி ஆசிரியை. இந்த விவாதத்தில் எங்கள் பிள்ளைகளைக் காணவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் மதியம் சத்துணவு, கூடவே முட்டை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கியது. அதற்கு முன்பே காமராஜர் காலத்தில் மதிய உணவு இருந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இப்போது இருக்கிறது, உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று. எல்லாம் அன்றன்று சமைத்ததுதான். அது எப்படி முடிகிறது? மதியத்துக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று இதற்காகவே ஆட்கள் இருக்கிறார்கள். சம்பளம் குறைவு, அவர்களும் அதற்காகப் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அது வேலை என்றாவது ஒத்துக்கொண்டிருக்கிறோம். மித்து அம்மா வீட்டில் இந்த மூன்று பதவியும் ஒரே ஆளுக்கு. அதற்கு மேல் ஆபீஸ்.

எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் விடியும் முன்பே நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள். பள்ளியில் சாப்பிடுகிறதே குழந்தை, அம்மாவுக்கு அக்கறை இல்லையா என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

பொடிதோசை
கேட்பதில்லையா? டீச்சர், மன்னிக்கவும். “சத்துணவுக்கு அனுப்புறவங்க” என்று தனியார் பள்ளி வேனில் ஏறுகிற வாய்கள் சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஏழை வீட்டு அம்மாவுக்கு ஒரு ஏச்சு, வேலைக்குப் போகிற அம்மாவுக்கு வேறு ஏச்சு. வீட்டில் இருக்கிற அம்மா தொக்கு கொடுத்தால், “வீட்லதானே இருக்கே, பொரியல் வைக்கக் கூடாதா?” யாரும் தப்பிக்க முடியாது.

சாக்பீஸ் டீச்சர் (விழுப்புரம் பக்கம்)
நான் சொன்னது எங்கள் ஊருக்குள் நடப்பதை. நீங்கள் சொல்வதும் நடக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஆசிரியை விஷயத்தில் ஒன்று. டப்பாவைப் பார்க்காமல் சொன்னது தப்பு, ஆனால் டப்பாவைப் பார்க்க வேண்டிய வேலை எங்களுக்கு இருக்கிறது. ஊசிப்போன சாப்பாட்டைக் குழந்தை வாயில் வைக்கும் முன் தடுத்தவர்கள் எங்களில் நிறையப் பேர். மூடியைத் திறந்ததும் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

எழுபதைத் தாண்டியவள்
பேத்தி தட்டச்சு செய்து கொடுக்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

நாங்கள் நாலு மணிக்கு எழுந்தோம் என்று என் வயதுக்காரிகள் பெருமை பேசுவார்கள். எழுந்தோம், உண்மைதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வரை தூங்கினோம், அதைச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் நாத்தனார், ஓரகத்தி, கிணற்றில் இறைத்துக் கொடுக்க ஒரு ஆள் என்று நாலு கை இருந்தது. இந்தப் பெண்ணுக்கு இரண்டு கைதானே இருக்கிறது.

ஆனால் கும்பகோணத்துக்காரி சொல்வதில் ஒன்று எனக்கும் உண்டு. நேற்று வைத்த பொரியலை நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கொடுத்ததில்லை. தேங்காய் போட்டது எதுவானாலும் மதியத்துக்குள் வாடை அடிக்கும். தொக்கு வேறு. அடுப்பைக் குறைத்து வைத்து, தக்காளி சுருண்டு, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கிறவரை கிண்டணும். பாதியில் இறக்கினால் மூன்றாம் நாள் நுரைக்கும். பாட்டிலைக் கழுவி வெயிலில் காயவைத்து, ஈரக் கரண்டி படாமல் எடுக்கணும். இதைச் செய்கிறவளைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

காவிரிக்கரை (கும்பகோணம்)
அம்மா, நான் யாரையும் சோம்பேறி என்று சொல்லவில்லை. அது தலைப்பில் இருக்கிற வார்த்தை. நான் சொன்னது ருசி, சூடு, பத்திரம். ஒரு குழந்தை காலையில் தாளிக்கிற வாசனைக்கே எழுந்து வரும். அதை ஃப்ரீசர் கொடுக்காது.

மித்து அம்மா (கோவை)
அக்கா, என் பையன் வேன் ஹார்ன் சத்தத்துக்குத்தான் எழுகிறான்.

நான் இங்கே கேட்க வந்தது ருசி பற்றி அல்ல. அந்தக் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். அப்பாக்களும் இருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்தும் “உங்க வீட்டு டப்பா யாரு கட்டினது?” என்று கேள்வி வந்ததில்லை. கடையில் சிப்ஸ் பாக்கெட் வாங்கிப் போட்டு அனுப்புகிற வீடுகள் அதில் இருக்கின்றன. உப்பும் கொழுப்பும் மிகுந்த அந்த மாதிரிப் பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்தாயிற்று. அந்த பாக்கெட்டுக்கு அழுகிற முகம் வரவில்லை. நான் திட்டம் போட்டுச் செய்ததைக் காட்டினேன் பாருங்கள், அதற்கு வந்தது. அள்ளித் தெளித்த அவசரத்தில் செய்து, விரலைச் சுட்டுக்கொண்டு, “இன்னிக்கு ரொம்ப லேட்” என்று எழுதியிருந்தால் பத்து இதயம் விழுந்திருக்கும். அம்மா கஷ்டப்பட்டால்தான் சாப்பாடு ருசிக்கும் போலிருக்கிறது.

காவிரிக்கரை (கும்பகோணம்)
சிப்ஸைப் பற்றி நீ சொல்வது சரி. அந்தக் குழுவில் நான் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன்.

சப்பாத்தியை ஒத்துக்கொள்கிறேன். தொக்கை ஒத்துக்கொள்கிறேன், நானும் செய்கிறவள்தான். நறுக்கி வைத்த பீன்ஸ் எனக்கு ஆகாது. சாம்பாரை யாராவது ஃப்ரீசரில் வைத்தால் அவர்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன்.

நல்லெண்ணெய் டின்
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். அரைவேக்காட்டுச் சப்பாத்தியைக் காலையில் சுட்டால் எனக்கு அப்பளம் மாதிரி விறைத்துவிடுகிறதே?

ஷிப்ட் அப்பா (ஓசூர்)
முதல் தடவை சுடும்போதே அதிகம் காய்ந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் நிறம் மாறியதும், புள்ளி விழும் முன்பே எடுத்துவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகு அடுக்குங்கள். காலையில் ஃப்ரீசரிலிருந்து நேராகச் சூடான கல்லுக்கு, ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய். சுட்டதும் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள்.

காவிரிக்கரை (கும்பகோணம்)
மாவு பிசையும்போது ஒரு கரண்டி தயிர் சேர்த்துக்கொள். விறைக்காது.