சிங்கப்பூர் கம்பி வேலை: ஸ்கில் டெஸ்ட் பாஸ் ஆனாலும் சேஃப்டி பேப்பர் எழுத வேண்டுமா?

கெடிலக்கரை:
தம்பி கம்பி கட்டுகிறவன், கடலூர்ப் பக்கம் சைட்டுகளில் வேலை. எட்டாவது வரைதான் படிப்பு, அதனால் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை). சிங்கப்பூர் ஸ்கில் டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டான். அங்கே போனதும் சேஃப்டி பேப்பர் ஒன்று உண்டு என்கிறார் ஏஜென்ட். கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டையும், வேலை அனுபவத்தை மதிப்பிட்டுத் தரும் ஆர்.பி.எல். சான்றும் கையில் இருக்கிறதே, அதற்கு விலக்கு கிடைக்காதா?

வில்லியனூரான்:
கிடைக்காது அண்ணே. வாரிய அட்டை நலத்திட்ட உதவிக்கு மட்டும்தான். 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை பார்த்திருந்தால் தருவார்கள். கைத்திறனை அது சொல்லாது. ஆர்.பி.எல். கைத்திறனுக்கான சான்றுதான், ஆனால் நம் நாட்டோடு சரி. தம்பி பாஸ் ஆனது எஸ்.இ.சி. என்னும் திறன் தேர்வு; சிங்கப்பூர் அரசின் கட்டடத் துறை ஆணையமான பி.சி.ஏ. அங்கீகரித்த மையத்தில் நடப்பது. அது வேலை தெரியுமா என்று பார்க்கும். சேஃப்டி பேப்பர் என்பது சி.எஸ்.ஓ.சி. என்னும் கட்டடப் பாதுகாப்பு வகுப்பின் தேர்வு, அதை அங்கே இறங்கியபின்தான் எழுத முடியும். அதில் பாஸ் ஆனால்தான் வேலை பெர்மிட் கையில் வரும். வகுப்பு தமிழிலும் உண்டு, பயப்பட வேண்டாம். அந்தத் தொழிலில் ஆறு வருடம் வரை இருப்பவர் 2 வருடத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் இருப்பவர் 4 வருடத்துக்கு ஒருமுறையும் திரும்ப எழுத வேண்டும்.

ஈ.சி.ஆர். தடையில்லை. குடிபெயர்வு அனுமதி கேட்கும் 18 நாடுகளில் மலேசியா உண்டு, சிங்கப்பூர் இல்லை.

சாரம்கட்டி:
தாளை விட பெல்ட்டுக்குத்தான் தம்பி தயாராக வேண்டும். தோள், மார்பு, தொடை எல்லாம் சேர்த்துக் கட்டும் ஃபுல் பாடி ஹார்னஸை இங்கேயே போட்டுப் பழகட்டும். முதலில் தையல், வார் ஓரம், பக்கிள் எல்லாம் பார்க்க வேண்டும். தையல் பிரிந்திருந்தாலோ வெல்டிங் பொறி பட்ட ஓட்டை இருந்தாலோ ஒதுக்கிவிட வேண்டியதுதான். கயிறு மாட்டும் முதுகு வளையமான டி-ரிங் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் நிற்க வேண்டும். தொடை வாருக்குள் விரித்த கை நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது.

கயிற்றின் மறுமுனைக் கொக்கியை எங்கே மாட்டுகிறான் என்பதில்தான் உயிர். கட்டுக்கம்பியால் கட்டிய வளையத்தில் மாட்டினால் இழுப்பில் கட்டு அவிழும். நிற்கும் கம்பியில் மாட்டினால் மேல்முனை வழியாகக் கழன்றுவிடும்.

கெடிலக்கரை:
பத்தடி உயர ஸ்லாப்தானே, காலடியிலேயே மாட்டினால் போதாதா?

சாரம்கட்டி:
போதவே போதாது. கணக்குப் பாருங்கள். கயிறு 1.8 மீட்டர், டி-ரிங்கிலிருந்து பாதம் வரை சுமார் 1.5. ஆக 3.3 மீட்டர். ஸ்லாப் உயரமோ 3 மீட்டர்தான். கயிறு இறுகும் முன்பே கால் தரையில் மோதிவிடும். விழும் அதிர்ச்சியைத் தாங்க விரியும் ஷாக் அப்சார்பருக்கு இன்னும் 1.75, பாதுகாப்புக்கு மிச்ச இடம் 1 மீட்டர். மாட்டுமிடத்துக்குக் கீழே மொத்தம் 6 மீட்டருக்குச் சற்று மேல் வெற்றிடம் வேண்டும். குறைந்த உயரத்தில் ஓரக் கைப்பிடிதான் காப்பு. அது இல்லாத இடத்தில் தலைக்கு மேலே மாட்டிய ரிட்ராக்டபிள் (விழும்போது உடனே பூட்டிக்கொள்ளும் சுருள் கயிறு) கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இடம் மாறும்போது இரட்டைக் கொக்கி: ஒன்றை மாட்டியபின்தான் மற்றதைக் கழற்ற வேண்டும்.

வில்லியனூரான்:
இன்னொன்று. பெர்மிட்டுக்கு முன் சிங்கப்பூர் அரசு தரும் கொள்கையளவு ஒப்புதலான ஐ.பி.ஏ. கடிதத்தைத் தமிழில் வாங்கிப் படிக்காமல் விமானம் ஏற வேண்டாம். அடிப்படைச் சம்பளம், பிடித்தம், முதலாளி பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகை அதில் இல்லையென்றால், இங்கேயே கேட்டுத் தீர்த்துவிட்டுக் கிளம்பட்டும்.