பீட் ஹைன் தெரு, பீட் ஹைன் சதுக்கம்: உங்கள் அனுபவம் என்ன?

டெல்ஃப்ஸ்ஹாஃபன் அம்மா
2020 ஜூன். ரோட்டர்டாமில் பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கடற்படைத் தளபதி பீட் ஹைனின் சிலைக்கு, அடிமை வணிகப் பழியைச் சொல்லி, சாயம் பூசிய செய்தி எல்லோருக்கும் தெரியும். அன்று காலை ரொட்டி வாங்கப் போனபோது மகளும் கூட வந்தாள், அப்போது அவளுக்கு ஏழு வயது. 1870இலிருந்து நிற்கிற கல் மனிதர் மேல் சிவப்புச் சாயம் வழிந்துகொண்டிருந்தது. கீழே ‘திருடன்’ என்று எழுதியிருந்ததை அவளே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். “அம்மா, இவர் பாட்டில் வருகிறவர்தானே? திருடரா?” வெள்ளிக் கப்பல்களைப் பிடித்தவர் என்ற அந்தப் பாட்டைப் பள்ளியில்தான் கற்றுக்கொண்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் அந்தச் சதுக்கத்தைத் தாண்டும்போது அவள் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

ஹேக் குடியிருப்பு
நான் ஹேக்கில் கடல்வீரர் பேட்டையில் இருக்கிறேன். தெருவெல்லாம் ட்ரோம்ப், டி ரைட்டர் என்று தளபதிகள் பெயர்தான். புதிதாகக் குடிவந்தபோது மின் இணைப்புக்காகப் போன் செய்து, “பீட் ஹைன் தெரு” என்று முகவரி சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண்மணி தட்டச்சு செய்துகொண்டே அந்தப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். ஊருக்கு வந்து மூன்றே வாரம், யாரையும் தெரியாது. அந்த முணுமுணுப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் அவரைத் திருடன் என்று கேட்டால் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

கடல்கதை
அக்கா, மகளிடம் “திருடர் இல்லை” என்றே சொல்லியிருக்கலாம். ஸ்பெயினோடு போர் நடந்த காலம். எதிரிக் கப்பலைப் பிடிக்க அரசு உரிமம் இருந்தது. 1628 செப்டம்பரில் கியூபாவின் மத்தான்சாஸ் விரிகுடாவில் பெரிய சண்டையே இல்லாமல் வெள்ளிக் கப்பல்கள் சரணடைந்தன. இளவயதில் அவரே ஸ்பானியர்களிடம் பிடிபட்டு, ஏறக்குறைய நான்கு ஆண்டு கைதியாகத் துடுப்பு வலித்தவர். அடுத்த ஆண்டே ஸ்பெயின் பக்கம் நின்ற டன்கிர்க் கப்பல்களோடு மோதி இறந்தும் போனார். அவர் வேலை பார்த்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனி அடிமை வணிகத்தில் பெரிதாக இறங்கியது அதற்கப்புறம்தான். அந்தப் பழியை அவர் தலையில் கட்டுவது நியாயமா?

பழைய மாணவன்
கடல்கதை அண்ணா, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தக் கொள்ளை 1.1 கோடி கில்டருக்கு (அன்றைய டச்சுப் பணம்) மேல். அந்தப் பணத்தின் தெம்பில்தான் 1630இல் கம்பெனி பிரேசிலின் பெர்னாம்புகோவைப் பிடித்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று 1637இல் ஆப்பிரிக்காவில் எல்மினா கோட்டையையும் பிடித்தது. அவர் செத்துவிட்டார், சரி. பணம் சாகவில்லையே.

என் அனுபவம் சின்னது: ஆம்ஸ்டர்டாமில் தினமும் 26ஆம் எண் டிராமில் பீட் ஹைன் சுரங்கப்பாதை வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன், ஒருநாளும் அந்தப் பெயரை யோசித்ததில்லை, அவ்வளவுதான். அக்காவுக்கு ஒன்று சொல்கிறேன். குழந்தையை டெல்ஃப்ட் பழைய தேவாலயத்துக்குக் கூட்டிப் போங்கள். கோபுரம் சாய்ந்திருக்கும், பார்த்ததும் பிடித்துவிடும். அவருடைய கல்லறை உள்ளேதான் இருக்கிறது. ஓவியர் வெர்மீரும் அங்கேதான் அடக்கம். ஒரே சீட்டில் புதிய தேவாலயத்தையும் பார்க்கலாம். முதலில் துடுப்பு வலித்த கதையைச் சொல்லுங்கள், பிறகு வெள்ளி, கடைசியில் கரும்பு. வரிசையை மாற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வழிபாடு நடக்கும், சனிக்கிழமை போங்கள்.

டெல்ஃப்ஸ்ஹாஃபன் அம்மா
தம்பி, போன வாரமே போய் வந்துவிட்டோம். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. வகுப்பில் பேச அவரையே எடுத்திருக்கிறாள். கல்லறை முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். சலவைக்கல்லில் படுத்திருக்கும் உருவத்தைப் பார்த்து, “துடுப்பு வலித்தவர் மாதிரியே இல்லையே அம்மா” என்றாள். வீட்டுக்கு வந்து, எழுதி வைத்திருந்த முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள்.