கோயில் பணம் 38,000 மிச்சம்: சூடானுக்கு அனுப்பலாமா?

செல்லூர்க்காரன்:
எங்கள் தெரு மாரியம்மன் பொங்கலுக்குப் பிரித்ததில் 38,000 ரூபாய் மிச்சம். வழக்கமாக அடுத்த வருஷ மைக் செட்டுக்குப் போய்விடும். இந்தத் தடவை பையன்கள் செய்தியில் சூடான் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அங்கே அனுப்பலாம் என்கிறார்கள். பெரியவர்களோ, “இங்கே வெள்ளம் வராமலா போகும், அப்போ கொடுப்போம்” என்கிறார்கள். கூடவே பதினோரு மூட்டை பழைய துணி வேறு சேர்ந்து என் வீட்டு மாடிப்படியை அடைத்துக் கிடக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கீழமாசி வீதி மளிகை:
முதலில் அந்தத் துணி. கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த வாரம் ஒரு குட்டியானையில் அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றிக்கொண்டு ஏரல் பக்கம் போனேன். மளிகைக்காரன் புத்தி அவ்வளவுதான். ஒரு அம்மா பையை வாங்கிவிட்டு, “அரிசி சரி அண்ணாச்சி, அடுப்பு?” என்றார். எட்டிப் பார்த்தேன். சுவரில் கழுத்தளவுக்குச் சேற்றுக் கோடு. காஸ் அடுப்பின் பர்னர் ஓட்டைக்குள் வண்டல் இறுகிக் கிடந்தது. ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தார். தீப்பெட்டியும் நமத்துவிட்டது. தெருமுனையில் யாரோ இறக்கிப்போன துணிக் குவியல் ஊறி நாறிக்கொண்டிருந்தது. அதை அள்ளவும் அவர்கள்தான் ஆள் பிடிக்க வேண்டும்.

மறுபடி போனபோது பிளீச்சிங் பவுடர், தீப்பெட்டி, கொசுவத்தி, பாய், நாப்கின், கேன் தண்ணீர். அரை மணி நேரத்தில் வண்டி காலி.

சூடானுக்குச் சாமான் பேச்சே வேண்டாம். 2023 ஏப்ரலில் தொடங்கிய சண்டை. அங்கே தார்பூர் பகுதியில், ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் தங்கிய ஜம்ஜம் முகாமில் பஞ்சம் என்று 2024 ஆகஸ்ட்டிலேயே உறுதி செய்துவிட்டார்கள். நிவாரண லாரியை மறிப்பதும் அதற்கு ஒரு காரணம். பணமாக அனுப்புங்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் இந்தியாவில் நன்கொடை வாங்குகிறது. வாட்ஸப்பில் வரும் கியூஆர் கோடைத் தொடாதீர்கள், அவர்களின் இணையதளத்துக்கே போங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
பஞ்ச முகாமில் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பார்கள் என்று பையன்கள் கேட்டால் சொல்லுங்கள்: 92 கிராம் பொட்டலம். நிலக்கடலை விழுது, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், விட்டமின்கள். சுமார் 500 கலோரி. நம் கடலை மிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி! சமைக்க வேண்டாம், தண்ணீரும் கலக்க வேண்டாம், மூலையைக் கிழித்துப் பிள்ளையே உறிஞ்சிக்கொள்ளும். கெட்ட தண்ணீரில் பால் மாவைக் கரைத்துக் கொடுத்தால் மெலிந்த பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்து உயிருக்கே ஆபத்து.

ஆனையூர் அக்கா:
1990இல் தலைமன்னாரிலிருந்து படகில் வந்து மண்டபம் முகாமில் இருந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குத் தட்டும் போர்வையும் கிடைத்தன. மாதவிலக்குக்குத் துணி வேண்டும் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை, போர்வையைத்தான் கிழித்தார். கொடுக்க வந்த ஒருவர் போட்டோவுக்காகத் தட்டை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பணத்தை எங்கே வேண்டுமானாலும் கொடுங்கள் தம்பி, போட்டோ மட்டும் எடுக்காதீர்கள்.

செல்லூர்க்காரன்:
நன்றி அக்கா, அண்ணாச்சி, சிஸ்டர். நேற்று ராத்திரி கூட்டம் போட்டோம். 20,000 சூடானுக்கு. மீதி ஐப்பசி மழை வரை வங்கியில் கிடக்கட்டும் என்று பெரியவர்களும் ஒத்துக்கொண்டார்கள். துணியில் மூன்று மூட்டைதான் தேறியது. மற்றதை வண்டி துடைக்க ஆகும் என்று பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் தூக்கிப்போய்விட்டார். மாடிப்படி தெரிகிறது.